நல்லா இருக்கேன், டாக்டர்

ஹெம்லாக் லேக், வட மிச்சிகன்
ஜனவரி 14, 1974

சிர்க்கா,

கிறிஸ்துமஸுக்கு நீ வராத கோபம் இன்னும் தீரவில்லை. அதைத் தனியாக வைத்துக்கொள்வோம். இது வேறு விஷயம், போனில் பேச முடியாதது. இந்தச் சாலையில் எட்டு வீட்டுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி என்பதை மினியாபொலிஸ் போனதும் நீ மறந்திருப்பாய். நான் ரிசீவரை எடுத்தாலே மிஸஸ் லாம்பி மூச்சு விடுவது கேட்கிறது. ஒருநாள் அவள் தும்மினாள். நானும் பழக்கதோஷத்தில் "உடம்பைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். அவளும் "சரிம்மா" என்றாள்.

எனக்கு உள்ளே ஏதோ இருக்கிறதாம்.

கார்லா பிறந்ததிலிருந்து மாதாமாதம் உதிரம் அதிகமாகப் போவதும், பாத்திரம் கழுவும்போது சும்மா அழுகை வருவதும் உனக்குத் தெரியும். போன வாரம் உன் அத்தான் ரெய்னோ என்னை டாக்டர் ஹேன்லியிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் பரிசோதித்துவிட்டு, என்னை உடை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெளியே போய் ரெய்னோவிடம் பேசினார். நான் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் அவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

வண்டியில் வரும்போது கேட்டேன். ரெய்னோவுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. "அதை எடுத்துடணும்னு சொல்றார்" என்றான்.

"எதை?"

"அதான். உள்ள இருக்கறதை."

"பெருசா இருக்காமா?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி துடைப்பானைப் போட்டான். வெளியே பனி பெய்யவேயில்லை. காய்ந்த கண்ணாடியை அது கீச்சு கீச்சென்று துடைத்துக்கொண்டே வந்தது.

மார்ச் பன்னிரண்டாம் தேதி அறுவை சிகிச்சை. அதுவரை மஞ்சள் மாத்திரை கொடுத்திருக்கிறார், மனம் அடங்குவதற்கு. நன்றாகவே அடங்குகிறது. நேற்று ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்து, சூடாக இருக்குமே என்று சவுனா நீராவிக் குளியலறையின் வெளியறையில் வைத்தேன். வைத்ததை மறந்துவிட்டேன். ரெய்னோ குளிக்கப் போனபோது மாவு பெஞ்சிலிருந்து வழிந்து அவன் செருப்புக்குள் இறங்கியிருந்தது. செருப்பைக் கழுவினான்.

மாமியார் தைரியம் சொல்கிறார். "அதை எடுத்துட்டா அழுகையெல்லாம் நின்னுடும். எனக்கும் எடுத்தாங்க. இந்தச் சாலைல பாதிப் பேருக்கு எடுத்தாச்சு" என்கிறார். இத்தனை பேருக்கா கட்டி வரும்? இங்கே தண்ணீரில் ஏதாவது இருக்கிறதா, சுரங்கத்திலிருந்து?

நம் வீட்டில் படித்தவள் நீ ஒருத்திதான். கட்டி என்றால் செத்துப்போவார்களா என்று கேட்டு எழுது. ரூத்துக்கு ஆறு வயது, கார்லாவுக்கு இரண்டு. அதனால்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

தாய்மி


மினியாபொலிஸ்
ஜனவரி 20

அன்புள்ள தாய்மிக்கா,

உன் கடிதத்தை நாடகக் கொட்டகைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். பிறகு உள்ளே போய் இன்னொரு முறை படித்தேன். கட்டி என்று டாக்டர் வாயால் சொன்னாரா? நீ எழுதியிருப்பதில் அது எங்கே என்று தேடினேன். ஒருவேளை எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்னவோ.

நான் படித்தது நாடகம், அக்கா. மருத்துவம் இல்லை. அப்பா இன்னமும் என்னை டீச்சர் என்றுதான் சுரங்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். உண்மையில் நான் செய்வது இதுதான்: மேடையின் வலது ஓரத்தில், திரைக்குப் பின்னால், சின்ன விளக்கு வைத்துக்கொண்டு நாடகப் பிரதியோடு உட்கார்ந்திருப்பேன். நடிக்கிறவர்கள் மறந்துவிட்டால் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுப்பேன். ஒத்திகையில் அவர்களே "வசனம்" என்று கேட்பார்கள். மேடையில் கேட்க முடியாது, நானே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எல்லோரும் பெண்கள்தான். பழைய தச்சுப்பட்டறை ஒன்றைக் கொட்டகையாக மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. சத்தமாகச் சிரிக்கிறார்கள்.

உனக்கும் அதையே செய்கிறேன். டாக்டரிடம் போகும்போது இவற்றைக் கேள். மனப்பாடம் செய்ய வேண்டாம், கைக்குள் வைத்துக்கொள்.

"எவ்வளவு பெருசு, டாக்டர்?"

"எந்தப் பக்கம் இருக்கு?"

"எடுக்காம விட்டா என்ன ஆகும்?"

முதல் இரண்டையும் கேட்டுவிட்டால் மூன்றாவது தானாக வரும்.

செத்துப்போக மாட்டாய். இதை எந்த ஆதாரத்தில் எழுதுகிறேன் என்று கேட்காதே.

சிர்க்கா


ஹெம்லாக் லேக்
ஜனவரி 31

சிர்க்கா,

கேட்டேன். நீ எழுதிக் கொடுத்தபடியே கேட்டேன். கையுறைக்குள் மடித்து வைத்திருந்தேன், வியர்வையில் பாதி எழுத்து கரைந்துவிட்டது. ரெய்னோ வெளியே வண்டியில் இருந்தான்.

"எவ்வளவு பெருசு, டாக்டர்?" என்றேன்.

அவர் சிரித்தார். "எல்லாருக்கும் இருக்கற அளவுதான்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாருக்கும் என்றால் யாருக்கு? ஆனால் அடுத்தது கேட்க வேண்டுமே. "எந்தப் பக்கம் இருக்கு?" என்றேன்.

"நடுவுல. வேற எங்க இருக்கும்?" என்று சொல்லி நர்ஸைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த நர்ஸ், நம்மோடு படித்த ஹெலன் ஏரோலா, தரையைப் பார்த்தாள்.

மூன்றாவது தானாக வரும் என்று எழுதியிருந்தாய். வரவில்லை. நீ எழுதிய கேள்விக்கு அவர் சொன்ன பதில் பொருந்தவில்லையா, அல்லது அவர் பதிலுக்கு நான் பொருந்தவில்லையா, தெரியவில்லை. வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். "மத்தபடி எப்படி இருக்கே பொண்ணே?" என்றார். "நல்லா இருக்கேன், டாக்டர்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தினம் ஒரு மாத்திரை என்றிருந்ததை இரண்டாகக் கூட்டிவிட்டார். கேள்வி கேட்டதால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் காலையா மாலையா என்று ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இந்தக் குளிரில் ஜன்னலும் சொல்வதில்லை. ரூத் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பகல். ரெய்னோ காலணியைக் கழற்றினால் சாயங்காலம். இந்தக் கடிதத்தை நான் முன்பே ஒருமுறை எழுதிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. எழுதியிருந்தால் மன்னித்துக்கொள், ஒன்றைக் கிழித்துப் போடு.

எல்லோருக்கும் இருக்கிற அளவு. அப்படியென்றால் உனக்கும் இருக்கிறதா?

தாய்மி


மினியாபொலிஸ்
பிப்ரவரி 5

அன்புள்ள அக்கா,

உன் கடைசிக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கே வயிற்றில் ஏதோ இருப்பதுபோல் இருக்கிறது.

பல்கலைக்கழக நூலகத்தில் மருத்துவப் புத்தகங்கள் இருக்கும் தளத்துக்குப் போனேன். நூலகர் நான் எதைத் தேடுகிறேன் என்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது, "ஒரு நாடகத்துக்காக" என்றேன். கட்டிகளில் பட்டாணி அளவு உண்டாம், ஆரஞ்சு அளவு உண்டாம். எல்லாருக்கும் இருக்கும் அளவு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவர் விளையாட்டாகச் சொன்னாரா? உனக்குப் பயம் வரக் கூடாதென்று மறைத்தாரா? நீ மாத்திரை மயக்கத்தில் வேறெதையோ கேட்டாயா? மூன்றில் எது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அப்படி நினைத்ததற்காக என்மேல் கோபமாகவும் இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடாதே. மார்க்கெட் நகரத்தில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், அங்கே காட்டலாம். உன்னால் பேச முடியாவிட்டால் நான் பேசுகிறேன். சனிக்கிழமை அத்தானுக்குப் போன் செய்கிறேன். மிஸஸ் லாம்பி கேட்டால் கேட்கட்டும்.

நான் யாரோடும் போனில் அதட்டிப் பேசியதில்லை என்பது உனக்குத் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன்.

சிர்க்கா


ஹெம்லாக் லேக்
பிப்ரவரி 12

சிர்க்கா,

ரெய்னோ போனை எடுத்ததும் நீ மூச்சுவிடாமல் ஆரம்பித்தாயாம். "அக்காவுக்கு உள்ள இருக்கறதைப் பத்திப் பேசணும், அத்தான்" என்றாயாம். அந்த மனிதனிடம் போனில் அப்படிச் சொன்னால் என்ன செய்வான்? வைத்துவிட்டான். நீ அதைக் கவனிக்கவில்லை. எழுதிவைத்ததைப் படித்துக்கொண்டேயிருந்திருக்கிறாய். கட்டி, அதன் அளவு, வேறு டாக்டர், மார்க்கெட், எல்லாம். கேட்டது யார்? மிஸஸ் லாம்பி. அவள் மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இதுவரை ஒன்பது வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருக்கிறது. சமையலறை மேசை முழுக்கப் பாத்திரங்கள், அடியில் பெயர் எழுதி ஒட்டியவை, திருப்பித் தருவதற்கு. போதகர் வந்து கார்லாவின் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். ரூத் என்னிடம் வந்து, "நீ செத்துப்போனா அந்தப் பச்சைக் கிண்ணம் யாருக்கும்மா?" என்று கேட்டாள். பாவம், அவளுக்கு அந்தக் கிண்ணம் பிடிக்கும்.

ரெய்னோ யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. சவுனாவைச் சூடுபண்ணிவிட்டு, "போய்க் குளி, தண்ணி வச்சிருக்கேன்" என்கிறான். தினமும் சூடுபண்ணுகிறான். சனிக்கிழமை மட்டும் குளித்த குடும்பம் இது.

மாமியார், "உன் தங்கச்சி படிச்சது எங்க குடும்பத்தை நாறடிக்கத்தானா?" என்றார். நான் உனக்காகப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். மாத்திரை போட்டிருந்தேன்.

இனி எனக்கு வசனம் எழுதாதே. எழுதிய நீ அங்கே இருட்டில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாய். வெளிச்சத்தில் அசடு வழிவது நான்.

ரெய்னோ கையெழுத்துப் போட்டாகிவிட்டது. என்னுடையது மார்ச் ஏழாம் தேதி.

தாய்மி


மினியாபொலிஸ்
பிப்ரவரி 20

அக்கா,

நீ எழுத வேண்டாம் என்றது வசனத்தை மட்டும்தான், கடிதத்தையும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

போனில் அத்தான் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்கிறவரின் மூச்சு எனக்குக் கேட்டது. அது அவருடைய மூச்சு என்று நினைத்தேன்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ரூத்துக்குப் பச்சைக் கிண்ணத்தை இப்போதே கொடுத்துவிடேன். நீ உயிரோடு இருக்கும்போதே அவள் வைத்துக்கொள்ளலாம் இல்லையா?

சிர்க்கா


மினியாபொலிஸ்
மார்ச் 3

அன்புள்ள தாய்மிக்கா,

பதில் இல்லை. ஏழாம் தேதிக்குள் இது கிடைக்குமா என்று தெரியாது. இது உன்னைப் பற்றிய கடிதம் இல்லை, நான் அசடு வழிந்ததைப் பற்றியது. அதையாவது படிப்பாய்.

வெள்ளிக்கிழமை எங்கள் நாடகம் அரங்கேறியது. நூறு வருடத்துக்கு முந்தைய கதை. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒரு பெண்ணைப் படுக்கையில் போட்டுவிடுகிறார்கள். எழுந்திருக்கக் கூடாது, படிக்கக் கூடாது. ஒரு காட்சி முழுவதும் அவள் வாயில் காய்ச்சல் பார்க்கும் குழாய் இருக்கிறது. அவள் தலைக்கு மேலே கணவனும் டாக்டரும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். டாக்டராக நடிப்பது பெவ். மீசை ஒட்டினால் அவளுக்கு மூக்கு அரிக்கும், பாதி வசனத்தை மூக்கைச் சுளித்தபடிதான் சொல்வாள். கடைசியில் டாக்டர் குழாயை வெளியே எடுத்து, "எப்படி இருக்கு இன்னிக்கு நம்ம பொண்ணுக்கு?" என்று கேட்பார். அதற்கு அவள் சொல்ல வேண்டியது, "நல்லா இருக்கேன், டாக்டர்."

ஆமாம், அதேதான். நீ ஜனவரியில் எழுதுவதற்கு முன்பே அது பிரதியில் இருந்தது. உன் கடிதத்தில் அதைப் படித்தபோது நான் உன்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

அந்தப் பெண்ணாக நடிப்பவள் நோரீன். ஒத்திகைகளில் ஒருநாளும் அவளுக்கு அந்த வசனம் தடுக்கியதில்லை. வெள்ளிக்கிழமை குழாயை எடுத்த பிறகு அவள் பேசவில்லை.

எங்கள் வேலையில் முக்கியமானது ஒன்றுதான். மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்வது. மறந்தவர்களின் கண் தரையில் எதையோ தேடும். வேண்டுமென்று நிறுத்தியவர்களின் கண் ஓர் இடத்தில் நிற்கும். நோரீனின் கண் பெவ்வின் மீசைமேல் நின்றது. நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கொட்டகை முழுவதும் காத்துக்கொண்டிருந்தது, அந்த அமைதி என்னால் தாங்க முடியாததாக இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். மெல்லச் சொன்னதாகத்தான் நினைத்தேன். கடைசி வரிசைவரை கேட்டதாம்.

"நல்லா இருக்கேன், டாக்டர்."

இருட்டிலிருந்து, என் குரலில். ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளே வந்ததும் நோரீன் என்னைத் திட்டவில்லை. போர்வையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "அவ பதில் சொல்லலேன்னா அந்த ஆள் என்ன செய்வான்னு பாக்க நின்னேன். ஒருத்தரும் பதில் சொல்லலேன்னா அவங்களே எதையாவது உளறுவாங்க. நீ ஏன்டி எனக்கு பதிலா நல்லா இருக்கேன்னு சொன்னே?"

நாடகத்தை இயக்கும் வாண்டாவுக்கோ ஒரே சந்தோஷம். "இதையே வச்சுக்கலாம். தினமும் நீ இருட்டுலேர்ந்து சொல்லு. அவ வாய் திறக்க வேண்டாம்" என்றார். நேற்றும் சொல்ல வைத்தார். நேற்று யாரும் சிரிக்கவில்லை. பேசவே வராத நான் இப்போது அந்த நாடகத்தில் ஒரு பாத்திரம். என்ன பாத்திரம் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். வாண்டாவைக் கேட்டால், "உனக்கே தெரியும்" என்கிறார்.

உன்னை எதுவும் கேட்கச் சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுக்கவும் இல்லை.

சிர்க்கா


ஹெம்லாக் லேக்
மார்ச் 8

சிர்க்கா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இரண்டு முறை படித்தேன். மாத்திரையை இப்போது பாதியாக உடைத்துத்தான் போடுகிறேன், அதனால் முதல் பக்கத்தை மறப்பதற்குள் கடைசிப் பக்கம் வந்துவிடுகிறது. பெவ் மூக்கைச் சுளிக்கும் இடத்தில் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாக இருந்தது. கார்லா பயந்துவிட்டாள்.

நேற்று கையெழுத்துப் போடப் போனேன். போடத்தான் போனேன், நீ வேறு மாதிரி நினைக்க வேண்டாம். கட்டியோடு எத்தனை நாள் இருப்பது?

ஹெலன் ஏரோலா வந்து என் வாயில் காய்ச்சல் குழாயை வைத்தாள். அடிப்பாவி, எனக்கு உன் நாடகம் ஞாபகம் வந்துவிட்டது. சிரித்தால் குழாய் விழும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஹேன்லி உள்ளே வந்து, காகிதத்தை என் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து, பிறகு குழாயை எடுத்தார்.

"எப்படி இருக்கே பொண்ணே? எல்லாம் சரிதானே?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. உனக்குத் தெரியும் என்ன வந்தது என்று. நோரீன் மீசையைப் பார்த்தாள் என்றாயே, இவருக்கு மீசை இல்லை. கழுத்துப் பட்டையில் ஒரு முட்டைக் கறை இருந்தது. அதைப் பார்த்தேன். தைரியம் என்றெல்லாம் எழுதிவிடாதே. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன், வேறு எதுவும் கைவசம் இல்லை, அவ்வளவுதான்.

அவர் பேனாவைத் தட்டினார். "என்ன, பேச்சையே காணோம்?" என்றார். நான் கறையைப் பார்த்தேன். "பயமா? சின்ன விஷயம்மா இது" என்றார். ஹெலனைப் பார்த்தார். ஹெலன் அலமாரியைத் துடைத்தாள். அலமாரி சுத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் அவரே சொன்னார். "ஊர்ல என்னென்னமோ பேசிக்கறாங்களாம், கட்டி அது இதுன்னு. அதெல்லாம் நம்பிட்டு உக்காந்திருக்கியா? கட்டியெல்லாம் ஒண்ணும் கிடையாது. கர்ப்பப்பை அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு."

சிர்க்கா, அந்தச் சொல்லை அந்த அறையில் அன்றுதான் முதல்முறை கேட்டேன். ரெய்னோ சொன்ன 'அது', மாமியார் சொன்ன 'அது', இந்தச் சாலையில் பாதிப் பேருக்கு எடுத்த 'அது'. எல்லாருக்கும் இருக்கிற அளவு. நடுவில். வேறெங்கே இருக்கும்? ஊரே கட்டி என்றபோது ரெய்னோ ஏன் மறுக்கவில்லை என்று இப்போது புரிகிறது. மறுத்தால், பிறகு எது என்று சொல்ல வேண்டியிருக்குமே.

"நல்லா இருக்கறதை ஏன் எடுக்கறீங்க, டாக்டர்?" என்றேன்.

இதை நீ எழுதித் தரவில்லை.

"உனக்கு அது இனிமே எதுக்கு?" என்றார். கோபமாக இல்லை, குழந்தைக்குச் சொல்வதுபோல. "ரெண்டு பொண்ணு இருக்கு. மாசாமாசம் தொல்லை. அது போனா மனசும் அடங்கிடும், வீட்டுலயும் நிம்மதி. ரெய்னோவைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு. இதே நாற்காலில உக்காந்து அழுதான் அவன். என் தாய்மியை எனக்குத் திருப்பிக் குடுங்கன்னு."

நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். சாதாரண மர நாற்காலி.

"யோசிக்கணும்" என்றேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். ஹெலன்தான் என் கோட்டை எடுத்து வந்தாள். போட்டுவிடும்போது காலரைச் சரிசெய்கிற மாதிரி என் கழுத்தை ஒருமுறை அழுத்தினாள். அது என்ன அர்த்தத்தில் என்று தெரியவில்லை. குளிருக்காகவும் இருக்கலாம்.

கட்டி இல்லை என்றதும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். செத்துப்போக மாட்டேன், நீ சொன்னபடியே. ஆனால் இத்தனை வாரமும் அந்தக் கட்டியைத் திட்டிக்கொண்டுதானே படுத்திருந்தேன். இனி யாரைத் திட்டுவது? உதிரம் நிற்கவில்லை. அழுகையும் நிற்கவில்லை. எனக்கு இன்னொரு குழந்தை வேண்டுமா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமோ என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. மாமியார் நன்றாகத்தானே இருக்கிறார். இருக்கிறாரா? அவர் அழுது நான் பார்த்ததில்லை. சிரித்தும் பார்த்ததில்லை.

வண்டியில் ஏறியதும் ரெய்னோ, "போட்டியா?" என்று கேட்டான். அவன் கண்ணாடி துடைப்பானைப் போட்டான். வீடுவரை இருவரும் பேசவில்லை. இன்றும் பேசவில்லை. டாக்டரிடம் வேலைசெய்தது ரெய்னோவிடம் செய்யவில்லை. பேசாமல் இருப்பதில் அவன் என்னைவிடப் பெரிய ஆள். அவன் உளற மாட்டான். சவுனாவைச் சூடுபண்ணுவான். என் தாய்மியைத் திருப்பிக் கொடு என்று அழுதவனுக்கு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது? அவனைப் பார்த்தால் கோபம் வருகிறது. அவன் கழுவிய செருப்பைப் பார்த்தால் கோபம் போய்விடுகிறது. மறுபடியும் வருகிறது.

உங்கள் ஒத்திகையில் வசனம் மறந்தவர்கள் என்ன சொல்லிக் கேட்பார்கள் என்று எழுதியிருந்தாய். எழுதாதே என்று நான்தான் சொன்னேன். இப்போது நானே கேட்கிறேன். ரெய்னோவிடம் என்ன சொல்ல?

வசனம்.

தாய்மி


டுலூத் பேருந்து நிலையம்
மார்ச் 12

அன்புள்ள தாய்மிக்கா,

உன்னை அறுவை சிகிச்சைக் கட்டிலில் கிடத்தியிருக்க வேண்டிய நாள் இது. நீ இப்போது சமையலறையில் யாருடைய பாத்திரத்தையோ கழுவிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மதியப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் அஞ்சலில் போடப்போவதில்லை. கையில் கொண்டுவருகிறேன். பேருந்திலிருந்து இறங்கியதும் எனக்குப் பேச வராது, அப்போது இதைக் கொடுத்துவிடுவேன்.

நீ கேட்டது நேற்று கிடைத்தது. இரவு உனக்கு வசனம் எழுதப் பார்த்தேன். அத்தானுக்குக் கோபமாக ஒன்று எழுதினேன். கண்ணீர் வருகிற மாதிரி ஒன்று எழுதினேன். இரண்டும் எங்கள் கொட்டகையில் நன்றாக எடுபடும். சவுனாவுக்கு வெளியே, கையில் விறகோடு நிற்கிற ஒரு மனிதனிடம் நீ அதைச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

காலையில் வாண்டாவிடம் பிரதியைக் கொடுத்துவிட்டு, ஊருக்குப் போகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் திரும்புவேனா என்று தெரியாது என்றேன். "அப்போ இருட்டுலேர்ந்து யார் சொல்றது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வருவதற்குள் நோரீன் சொன்னாள்: "யாரும் சொல்ல வேண்டாம். பாத்துக்கலாம்."

மார்க்கெட் நகரத்தில் ஒரு பெண் டாக்டர் இருக்கிறாராம், பெவ்வின் அத்தை சொன்னது. முகவரி வைத்திருக்கிறேன். போக வேண்டும் என்று சொல்லவில்லை. வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு எதிரே ஒரு பாட்டி தூங்குகிறார். மடியில் ஒரு ரொட்டிப் பொட்டலம், ஏலக்காய் வாசனை இங்குவரை வருகிறது. அவரை எழுப்பி, உங்களுக்கு அதை எடுத்தார்களா, பிறகு எப்படி இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்க மாட்டேன். நம் ஊர்க்காரர்தான், காது சிவந்துவிடும். எனக்கும்.

நீ கேட்ட வசனம் என்னிடம் இல்லை, அக்கா. பக்கத்தைப் புரட்டிவிட்டேன், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நீ அத்தானிடம் பேசும்போது நான் அந்த அறையில் இருக்கலாமா? மூலையில் இல்லை, மேசையில். எது வாயில் வருகிறதோ அதைச் சொல். நடுவில் நீ நிறுத்தினால் நான் பேச மாட்டேன்.

பேருந்தைக் கூப்பிடுகிறார்கள்.

சிர்க்கா